நான்காம் இருக்கைக்கு உரியவர்

செண்பகவல்லியின் வேலை, ஆட்டங்களுக்கு வீடு மாற்றிக் கொடுப்பது.

மதுரை பைபாஸ் சாலையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். 'வட்டமேசை' என்ற மென்பொருளை அந்த மாதக் கடைசியோடு மூடப்போவதாக அறிவித்திருந்தார்கள். நாலைந்து நண்பர்கள் நாலைந்து ஊர்களில் உட்கார்ந்துகொண்டு, ஒரே மேசையைச் சுற்றி இருப்பதுபோல் சாகசக் கதை ஆடுவதற்கான மென்பொருள் அது. ஒருவர் கதையை நடத்துவார். அவரை மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், பகடை உருட்டுவார்கள், சண்டை போடுவார்கள். சில மேசைகள் பதினைந்து, இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்தன. இப்போது எல்லோரும் தங்கள் கதையை ஒரே கோப்பாகக் கட்டி ஏற்றுமதி செய்து, 'முற்றம்' என்ற புதிய மென்பொருளில் கொண்டுபோய்த் திறந்தாக வேண்டும். திறந்தால் கட்டாயம் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த கதையில் அரக்கர்கள் எல்லோரும் வரைபடத்தின் இடது மூலையில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். கட்டங்களின் அளவு மாறிப்போயிருந்தது. சேலத்துக் குடும்பம் ஒன்றின் அரண்மனையில் எந்தக் கதவும் திறக்கவில்லை. சாவிகள் பழைய கதவு எண்களையே தேடிக்கொண்டிருந்தன. இதெல்லாம் செண்பகவல்லிக்கு அரைமணி நேர வேலை. நாற்பத்து நாலு வயதில் அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பேர்.

தன் சொந்த மேசையை அவள் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் எடுத்தாள்.

கோவில்பட்டியில் பொறியியல் படிக்கும்போது தொடங்கியது. அவள்தான் மாஸ்டர். மழையே பெய்யாத ஒரு நாட்டில் வணிகக் கூட்டமொன்று தண்ணீர் தேடிப் போகும் கதை, அவளே எழுதியது. மஸ்கட்டில் இருக்கும் ஷாஜகான் கூட்டத்தின் காவல்காரன். காரைக்குடியில் கணக்கு டீச்சராக இருக்கும் மங்கையர்க்கரசி வைத்தியச்சி. குஜராத்தில் உப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஞானதுரை, பூமிக்கடியில் நீரோட்டம் பார்த்துச் சொல்லும் வேம்பன். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி என்றால் நாலு பேரும் மேசைக்கு வந்துவிடுவார்கள். கல்யாணம், பிரசவம், சாவு எல்லாவற்றையும் தாண்டி இருபத்து மூன்று வருடம்.

ஆட்டம் முடிந்ததும் ஷாஜகானும் மங்கையும் கிளம்பிவிடுவார்கள். துரை மட்டும் கால்மணி நேரம் இருப்பான். சும்மா பேச்சுதான். செண்பகவல்லி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் நாலைந்து காரணங்கள் இருந்தன. அந்தக் கால்மணி நேரம் அவற்றில் ஒன்றாக வெளியே வந்ததில்லை.

கோப்பு முற்றத்தில் அழகாகத் திறந்தது. இருநூற்றுச் சொச்சம் காட்சிகள், வரைபடங்கள், மணல் புயலுக்கு அவள் சேர்த்திருந்த இரைச்சல் எல்லாம் பத்திரமாக வந்திருந்தன. வேம்பனின் இருக்கை மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"இருக்கை 4: உரியவர் இல்லை."

அடுத்த மேசையிலிருந்த இசக்கியம்மாள் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "பதிலிதான் வந்திருக்குக்கா. ஆளு வரல."

"பதிலின்னா? துரை வராத வாரமே கிடையாதே."

பதிலி என்னவென்று செண்பகவல்லிக்குத் தெரியாமலில்லை. ஒருவர் வர முடியாத வாரம், அவர் இத்தனை வருடம் ஆடியதையும் பேசியதையும் கேட்டுக் கேட்டுக் கற்றுவைத்திருக்கும் பதிலி அவருடைய இருக்கையில் உட்கார்ந்து ஆடும். வட்டமேசையில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான்; அந்தக் குரலும் அவருடையதாகவே இருக்கும். ஷாஜகானுக்கு ஷிஃப்ட் மாறும் வாரங்களில் அவனுடைய பதிலிதான் காவல் காத்தது. பதிலி பேசும்போது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் தெரியும். அதைப் பார்த்தால் ஆட்டத்தின் ருசி கெடுகிறது என்று அவர்கள்தான் ஒரு நாள் மறைத்துவைத்தார்கள்.

"பழைய பதிவுல பாருங்கக்கா, உரியவர் கடைசியா எப்பப் பேசினார்னு."

பார்த்தாள். நான்கு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்பு.

"பதிவு தப்பா இருக்கும்," என்றாள் செண்பகவல்லி. "போன ஞாயித்துக்கிழமை அவன் பேசுனதுல எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயித்த வலிச்சிச்சு."

இசக்கி திரையையே பார்த்தாள். எத்தனையோ பேருடைய பதிவுகளைத் திறந்து பார்த்தவள் அவள். மெதுவாகச் சொன்னாள்: "முற்றத்துல சட்டம் மாறிடுச்சுக்கா. பதிலியத் தனியா விடமாட்டாங்க. ஒண்ணு, அந்த ஆளே வந்து உக்காரணும். அவரு வந்துட்டா பதிலி அழிஞ்சிரும், திரும்ப வராது. இல்லைன்னா, 'என் இடத்துல இதுவே இருக்கட்டும்'னு அவரு கையெழுத்துப் போட்டுத் தரணும். ரெண்டும் இல்லைன்னா சீட்ட எடுத்துரணும்." பிறகு திரையில் கீழே விரலை வைத்தாள். "இது என்ன?"

இன்னொரு வரி இருந்தது. இந்த மேசையின் வேறொரு பிரதி இருக்கிறது என்றும், அது கடைசியாகத் திறக்கப்பட்டது கடந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என்றும் சொன்னது அந்த வரி. திறந்தவர்: இருக்கை 4.

செண்பகவல்லி அன்று மதியம் சாப்பிடவில்லை. துரையின் எண்ணுக்குப் போட்டாள். அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. அவனுக்கு அவள் போன் செய்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் பேசுகிறோமே, தனியாக எதற்குப் போன் என்றே எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஷாஜகான் மகளின் நிக்காவுக்கு துரை வரவில்லை. "லீவு கிடைக்கல மச்சான், ஆடிட் நடக்குது," என்றான். மங்கையின் கணவர் இறந்தபோதும் வரவில்லை. ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கதையை நிறுத்திவிட்டு, மங்கை அழுது முடிக்கிற வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லிச் சொல்லி மங்கை நன்றிப்பட்டிருக்கிறாள்.

அவனுடைய பழைய கணக்கில், அவசரத்துக்கு என்று இன்னொரு எண் கொடுத்திருந்தான். எஸ்தர்ராணி, அக்கா. தூத்துக்குடி எண்.

"நீங்க யாரும்மா பேசுதது?"

செண்பகவல்லி பெயரைச் சொன்னாள். கோவில்பட்டி காலேஜ் என்றாள்.

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "ஞாயித்துக்கிழம ஆளுங்களா?"

"ஆமாக்கா. துரை குஜராத்துல எந்த…"

"குஜராத்தா? அவன் இங்கதானம்மா இருக்கான். நாலு வருசமா எங்க வீட்டு மாடியில இருக்கான். பக்கவாதம் வந்து ரயில்ல தூக்கிட்டு வந்தோம்." அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு ஆளு வந்து பாக்கலியே தாயி, ஒரு ஆளு!"

செண்பகவல்லி கணக்குப் போட்டாள். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து தூத்துக்குடிக்கு மூன்று மணி நேரப் பயணம். அரைமணிக்கு ஒரு பஸ்.

மறுநாளே போனாள். பிரையண்ட் நகரில் மாடிப்படிக்குத் தனி வாசல் வைத்த வீடு. துரை ஜன்னல் பக்கம் பிரம்பு நாற்காலியில் இருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. வலது கை மடியில் சும்மா கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான், எழ முடிந்தது. முகம் முழுக்கச் சிரித்தான். பேசத்தான் இல்லை.

"எல்லாம் புரியும்," என்றார் எஸ்தர்ராணி, காப்பியை வைத்துவிட்டு. "பழசெல்லாம் ஞாபகம் இருக்கு. எழுதச் சொன்னாலும் எழுத்து சிக்கிக்கிடுது. சொல்லு உள்ள இருக்கு, வெளிய வர நேரமாகும். டாக்டரு பொறுமையா இருக்கச் சொன்னாரு. இந்த வீட்டுல யாருக்கும்மா பொறும இருக்கு?"

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டாள் செண்பகவல்லி. கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியின் அபத்தம் உறைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

துரை வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "வ… வந்…"

"வந்தியா? மேசைக்கு வந்தியா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எஸ்தர்ராணி செண்பகவல்லியின் தோளை மெல்லத் தொட்டார். "நடுவுல எடுத்துச் சொல்லாத தாயி. அவனுக்கு அதான் ஆகாது."

செண்பகவல்லி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். காப்பியில் ஆடை படிந்தது. ஒரு மனிதன் ஒரு வாக்கியத்தை முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

"வந்தேன். மூணு… வாரம். நான்… சொல்லு… தேடும்போது… அவன்… சொல்லிட்டான்."

"யாரு?"

துரை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, அந்த விரலை வெளியே, எங்கோ தூரத்துக்கு நீட்டினான்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தன் முறை வந்தும் ஒருவர் பேசாமலிருந்தால், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இணைப்பு அறுந்துபோயிற்று என்று எண்ணி பதிலி எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை அந்தந்த மேசையின் மாஸ்டர்தான் வைப்பார். முதலில் ஒரு நிமிடமாக இருந்தது. ஆட்டம் இழுக்கிறது என்று ஷாஜகான் சலித்துக்கொண்ட ஒரு நாளில் அவள் அதை இருபது விநாடியாகக் குறைத்தாள். அதற்குப் பிறகு அதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"நீ பேச வாயத் திறந்தப்ப…"

"சிரிச்சீங்க," என்றான் துரை. இந்தச் சொல் மட்டும் ஒரே வீச்சில் வந்தது. "நல்லா… இருந்துச்சு. அவன்… சொன்னது."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் முற்றத்தின் சட்டத்தை எடுத்துச் சொன்னாள். நீ வரலாம், வந்தால் பதிலி போய்விடும். அல்லது கையெழுத்து. துரை முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு இடது கையை நீட்டி அவளிடமிருந்த தொடுதிரைப் பலகையை வாங்கி, சம்மதப் படிவத்தின் கீழே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். "அவன்… இருக்கட்டும்."

"துரை…"

"மங்கைக்கு… ஆறுதல்… சொன்னானே. அக்கா… பேப்பர்ல… மங்கை வீட்டுக்காரரு… செய்தி… பாத்தா. நான்… போய்க் கேட்டேன்… அந்த ஞாயிறு. ஓரமா." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான்… சொல்லியிருந்தா… அப்படி… வந்திருக்காது."

அவள் கிளம்பும்போது தன் பிரதியையும் அவளிடம் கொடுத்தான். மூடுகிறார்களாமே, பத்திரமாக எங்காவது வை என்பதுபோல் கையைக் காட்டினான்.

பஸ் எட்டயபுரம் தாண்டும்போது அதைத் திறந்தாள். அதே பாலைவனம், அதே வணிகக் கூட்டம். அவன் பிரதியில் எல்லாப் பதிலிகளையும் அணைத்துவைத்திருந்தான். அவளுடையதையும்தான். மாஸ்டர் இல்லாமல் கதை நகராது. நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு அவன் வந்து அந்த வெறும் மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அங்கே அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டாள்.

முதல் சில மாதங்களில் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம், "நா… நா…" ஒரு பதிவில் ஏதோ விழுந்து உடைந்தது. இரண்டாம் வருடம் ஒரு வாக்கியம் முழுசாக வந்தது: "நான் துரை பேசுறேன்." மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அதன்பின் அதே வாக்கியம், வாரா வாரம். இரண்டு நிமிடம். ஒன்றரை. எழுபது விநாடி. இந்த வருடத் தொடக்கத்தில் நாற்பத்தொன்று. கடந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு.

அவன் இருபதுக்கு வரப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஆறு விநாடிதான் பாக்கி.

பக்கத்து இருக்கைப் பெண்மணி, "என்னம்மா, தலைசுத்துதா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார். செண்பகவல்லி வாங்கிக் குடித்தாள்.

மற்ற இருவரிடமும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஷாஜகான் முதலில் நம்பவில்லை. நம்பியதும் கத்தினான். "அப்ப நாலு வருசமா நான் யாருகிட்டப் பேசுனேன்? எம்பொண்ணு நிக்காவுக்கு வர முடியலன்னு ஆடிட் அது இதுன்னானே, அது யாரு சொன்னது?"

"அவன் முன்னாடி அப்படித்தான் சாக்குச் சொல்லுவான். அதக் கத்துக்கிட்டுச் சொல்லியிருக்கு."

"நம்மளும் நம்பிட்டோம்."

"நம்பிட்டோம்."

ஷாஜகானின் கத்தல் அடங்கியது. "நான் அடுத்த மாசம் ஊருக்கு வாறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

மங்கை கத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போட்டுட்டானா?" என்றாள்.

"போட்டுட்டான்."

"அப்ப நீ என்ன யோசிக்கிற?" என்று கேட்டாள். "வல்லி, நான் கெட்டவளுன்னு நினைச்சாலும் நினைச்சுக்க. நாம எல்லாரும் போய் அவனப் பாப்போம். மாசாமாசம் போவோம். ஆனா ஞாயித்துக்கிழம அந்தப் பேச்சு எனக்கு வேணும். அவர் போன சமயத்துல என்னைத் தூக்கி நிறுத்துனது அதுதான். அது துரை இல்லைன்னு நீ இப்ப சொல்ற. சரி. ஆனா நான் நின்னேன்ல? அது நிஜந்தான?"

செண்பகவல்லி போனை வைத்தாள். மங்கைக்குத் தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது.

போன தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, மற்றவர்கள் கிளம்பிய பிறகு, என்ன தைரியத்திலோ அவள் துரையிடம் கேட்டுவிட்டாள்: காலேஜ் முடிஞ்ச வருசம் நான் வாயத் திறந்து கேட்டிருந்தா, நீ சரின்னு சொல்லியிருப்பியா? அவன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ எப்பக் கேப்பேன்னுதான் மூணு வருசம் காத்துக்கிட்டு இருந்தேன், வல்லி," என்றான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருடம் வாழ்ந்திருக்கிறாள். காய்கறி வாங்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, தலை வாரும்போதெல்லாம் அது கூடவே வந்தது. காலம் போய்விட்டது என்ற வருத்தம்கூட அதில் இனிப்பாக இருந்தது.

பழைய மென்பொருளின் கடைசி நாள் சனிக்கிழமை. மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவள் வட்டமேசையைத் திறந்தாள். மறைத்துவைத்திருந்த நட்சத்திரத்தைத் தெரியும்படி செய்தாள். துரையின் பெயருக்குப் பக்கத்தில் அது வந்து உட்கார்ந்தது.

"என்ன வல்லி, சனிக்கிழமையே வந்துட்ட? மாஸ்டருக்கு வீட்டுல சோறு போடலியா?"

அந்தக் குரல். காலேஜ் கேண்டீனில் மேசையைத் தட்டிக்கொண்டே பேசும் அதே குரல். இதை வெறுத்துவிடலாம் என்றுதான் திறந்தாள்; முடியவில்லை.

"சும்மாதான். குஜராத்துல வெயில் எப்படி?"

"கொளுத்துது. உப்பு தானா வறுபட்டுக்கிடுது. பட்டாணி மட்டும் போட்டாப் போதும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு தானாக வந்தது. அப்புறம் கேட்டாள்: "நான் தீபாவளி சமயத்துல ஒண்ணு கேட்டேன்ல, அதுக்கு நீ சொன்னது எப்படித் தெரிஞ்சு சொன்ன?"

ஒரு விநாடிகூடத் தாமதமில்லை. "இதெல்லாம் தெரிஞ்சா சொல்லுவாங்க? உன் குரலக் கேட்டாலே தெரியுமே, என்ன பதில் வேணும்னு."

அவள் கையெடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அது பொய் சொல்லவில்லை. மங்கைக்கும் அது அப்படித்தான் சொல்லியிருக்கும்: அவளுடைய குரலைக் கேட்டு, அவளுக்கு என்ன வேண்டுமோ அதை. அந்தக் குரல் மேலும் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் முழுவதும் கேட்டுவிட்டு, "வைக்கட்டுமா?" என்றாள். "வை வை, நாளைக்குப் பாப்போம்," என்றது அது.

துரையின் சம்மதப் படிவத்தை அவள் முற்றத்தில் ஏற்றவில்லை. நான்காம் இருக்கையைச் சாம்பலாகவே விட்டாள். பேசாமலிருந்தால் எத்தனை விநாடியில் முறையை எடுத்துக்கொள்வது என்று கேட்ட கட்டத்தில், எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வைத்தாள். எஸ்தர்ராணிக்குப் போன் செய்து, துரையின் காதில் வைக்கச் சொன்னாள்.

"துரை, உன் கையெழுத்து எங்கிட்ட பத்திரமா இருக்கு. நீ வேணும்னு சொன்னா நாளைக்கே போட்டுருறேன். ஆனா புது மேசையில நேரக் கெடு கிடையாது. எடுத்துட்டேன். இருபதுக்கு நீ வர வேண்டாம். நாங்க இருக்கோம். அவ்வளவுதான்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அவள் பொறுத்துப் பார்த்தாள். பதில் எதுவும் வரவில்லை. எஸ்தர்ராணிதான் போனை வாங்கி, "கேட்டுக்கிட்டான் தாயி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். முற்றத்தின் மேசை புதிதாக, பளபளப்பாக, முகங்களும் தெரிவதாக, யாருக்கும் பழகாததாக இருந்தது. மங்கை கும்பிடுகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஷாஜகான் ஏதேதோ பேச ஆரம்பித்து நிறுத்தினான். நாலே கால். நாலரை. "கதைய ஆரம்பிச்சிரலாமா?" என்று மங்கை கேட்டபோது, நான்காம் இருக்கையில் சாம்பல் நிறம் விலகியது. கீழே ஒரு வரி வந்து மறைந்தது: "உரியவர் வந்துவிட்டார். பதிலி நீக்கப்பட்டது."

மங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செண்பகவல்லி கதையை எடுத்தாள். வணிகக் கூட்டம் ஒரு வறண்ட ஆற்றுப்படுகைக்கு வந்திருக்கிறது, ஒட்டகங்கள் படுத்துவிட்டன, வேம்பன், எங்கே தோண்டலாம்?

யாரும் பேசவில்லை. காற்று இரைச்சல் மட்டும் ஓடியது. ஷாஜகானின் உதடு அசைந்தது. அவன் தன்னை அடக்கிக்கொண்டான். ஒரு நிமிடம் கழிந்தது. இன்னும் கொஞ்சம்.

"இங்க… இல்ல," என்றான் துரை. "ஒட்டகம்… எங்க… படுத்திருக்கோ… அங்க."

பதிலியாக இருந்தால் ஒரு நையாண்டியோடு பெரிய வித்தை காட்டியிருக்கும். இது சின்ன யோசனை. ஆனால் இருபத்து மூன்று வருடத்தில் அந்த மிருகங்களைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. மாஸ்டரும்தான். அவள் பகடையை உருட்டினாள். தண்ணீர் வந்தது.

அன்று கதை ஓரங்குலம்தான் நகர்ந்தது. மங்கை கிளம்பும் முன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "துரை, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப இல்ல. தூத்துக்குடி வந்து சொல்லுறேன்." அவளும் போனாள், ஷாஜகானும் போனான்.

துரை இருந்தான். கால்மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் இருந்தான்.

செண்பகவல்லிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வேகமான குரலுக்காக உள்ளே ஏதோ ஒன்று ஏங்கிக்கொண்டுதான் இருந்தது. இனி அது எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் கேட்காது. அவள் அதை மறைக்கவில்லை. தீபாவளிக்கு என்ன கேட்டாள், என்ன பதில் வந்தது, அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் எப்படிப் போயிற்று என்று ஒன்றுவிடாமல் அவனிடம் சொன்னாள்.

"இப்ப உங்கிட்டக் கேக்குறேன். அப்ப நான் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

அவன் நேரம் எடுத்துக்கொண்டான். திரையில் அவன் முகத்தில் மாலை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"இல்லன்னு," என்றான். "எனக்கு… அப்ப… தோணவே… இல்ல. வல்லி. பொய்… சொல்ல… வரல."

அவள் தலையாட்டினாள். வலித்தது. ஒரு வருடம் கூடவே நடந்து வந்த ஒன்று எழுந்து வெளியே போனதுபோல் இருந்தது. ஆனாலும் எதிரில் உட்கார்ந்திருந்தவன் அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்பதைக் கேட்டுச் சொல்லவில்லை. "சரிடா," என்று சொல்லி எழப் போனாள்.

துரை இடது கையை உயர்த்தினான். இன்னும் முடிக்கவில்லை என்பதற்கான கை.

அவள் திரும்ப உட்கார்ந்தாள். "இப்ப…" என்று தொடங்கினான். அதற்கடுத்த சொல்லுக்காக அவன் தேடியது அவளுக்குத் தெரிந்தது. அவள் நாக்கில் பத்துச் சொற்கள் வந்து நின்றன. ஒன்றையும் அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்று, குடங்கள் உருண்டு, லாரி புறப்பட்டும் போயிற்று.

"இப்ப… தெரியல," என்றான் துரை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டு, இன்னும் மூன்று சொற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான்.

"அடுத்த… வாரம்… கேளு."